கடைக்கு வரும் காகிதம் அடைக்கலப் பொருள்

(தாம்பரத்தில் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர், போட்டோ, வரிக்கணக்கு முதலிய தொழில்களைத் தனியாளாக நடத்தும் நண்பர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில், ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் நின்றோம். வடை வாங்கினோம். எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஓர் அம்மாவின் முகம்! பெயர், வீட்டு விலாசம், பிறந்த தேதி, ஆதார் எண்ணின் 12 இலக்கங்கள், எல்லாம் தெளிவாக இருந்தன. கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்ட ஜெராக்ஸ். சரியாக வரவில்லையென்று கடைக்காரர் ஒதுக்கிப் போட்டிருப்பார். அது எடைக்குப் போயிருக்கும். எடையிலிருந்து வடைக்கு வந்துவிட்டது.

டீக்கடைக்காரர் பேரில் குற்றமில்லை. நகல் எடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்றும் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கோ விஷயமே தெரியாது. மூவரும் உழைத்துப் பிழைக்கிறவர்கள். ஆனால் இந்த மூவரில் ஒருவருடைய பெயரும் விலாசமும் எண்ணும் வழியில் போகிறவர் கையில் கிடக்கிறது. அதை நாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, இங்கே கிழித்துப் போட்டோம். இன்றைக்கு எதைப் பற்றிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்த நமக்கு அந்த வடைக் காகிதமே விஷயத்தைக் கொடுத்துவிட்டது.

நாம் செய்யும் தொழில் என்ன?

இங்கே கூடியிருப்பவர்கள் முதலாளிகள் அல்ல. கம்பெனி நடத்துகிறவர்களும் அல்ல. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், மாத வாடகைக்கு ஒரு சின்ன இடம், இவ்வளவுதான் மூலதனம். முடிச்சூர் ரோட்டிலும், சேலையூரிலும், குரோம்பேட்டையிலும், பல்லாவரத்திலும், பம்மலிலும் இப்படி எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். வேலைக்கு ஆள் கிடையாது. காலையில் கதவு திறப்பவரும் நாம்தான், இரவு கணக்குப் பார்ப்பவரும் நாம்தான்.

ஆனால் இந்தச் சின்னக் கடைக்குள் என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ரேஷன் கார்டு வருகிறது. பாங்க் பாஸ்புக் வருகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, ஜாதகம், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து மனு, எல்லாம் வருகின்றன. சானடோரியத்தில் 1984ல் அமைக்கப்பட்ட ஏற்றுமதி மண்டலத்தில் வேலை செய்யும் பெண்கள், ஷிப்டு முடிந்ததும் பி.எப். பணம் கேட்டு மனுப்போட நம்மிடம்தான் வருகிறார்கள். 2023ல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனுக் கொடுத்தபோதும், 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோதும் ஜனங்கள் நம் வாசலில்தான் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் தபாலாபீஸ் வாசலில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மணியார்டரும் மனுவும் எழுதிக் கொடுப்பார். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன புருஷனுக்கு மனைவி சொல்லச் சொல்ல எழுதினவர் அவர். எந்த வீட்டில் என்ன கடன், எந்தப் பெண்ணுக்கு என்ன துயரம் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. எழுதி முடித்துக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அவரிடம் நகல் இருக்காது. காதில் விழுந்ததை வெளியில் சொன்னால் மறுநாள் அவரிடம் யாரும் வரமாட்டார்கள்.

நாம் அவருடைய வாரிசுகள். ஒரேயொரு வித்தியாசம் உண்டு. அவரிடம் நகல் மிஞ்சவில்லை, நம்மிடம் மிஞ்சுகிறது. செல்போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வாட்ஸப்பில் ஒன்று, குப்பைக் கூடையில் ஒன்று என்று நாம் கேட்காமலே மிஞ்சிக்கொண்டிருக்கிறது. பிரச்னை முழுவதும் இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

“ஏழையிடம் மறைக்க என்ன இருக்கிறது?”

சில நண்பர்கள் கேட்கிறார்கள்: “பணக்காரனுக்குத்தான் அந்தரங்கம். கூலி வேலை செய்கிறவனிடம் மறைக்க என்ன இருக்கிறது?” இது புதிய வாதம் அல்ல. ஆதார் வழக்கில் சர்க்கார் தரப்பும் ஏறக்குறைய இதைத்தான் பேசியது. 2017 ஆகஸ்டு 24ந் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தரங்கம் மேட்டுக்குடிகளின் கவலை என்ற வாதம் அந்தத் தீர்ப்பில் நிராகரிக்கப்பட்டது.

தீர்ப்பு இருக்கட்டும். நடப்பைப் பார்ப்போம். கூலித் தொழிலாளியின் பான் கார்டு, ஆதார் நகல், மின்கட்டண ரசீது, இவற்றை வைத்து அவர் பெயரில் இல்லாத கம்பெனியைப் பதிவு செய்கிறார்கள். அந்தக் கம்பெனி சரக்கே விற்காமல் பில் மட்டும் போடுகிறது. ஒரு நாள் அவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் வரி அதிகாரிகள் நடத்திய சோதனையில், பதிவு மட்டும் இருந்து ஆளே இல்லாத ஸ்தாபனங்கள் 21,791 அகப்பட்டன. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு ரூ. 24,010 கோடி. திருடியவன் எங்கோ இருக்கிறான். நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பெயருக்கு உரிய ஏழை.

ஆகவே, மறைக்க ஒன்றுமில்லை என்பது தவறு. பணக்காரனுக்கு ஆபத்து வந்தால் வக்கீல் வைப்பான். அன்றாடங்காய்ச்சிக்குத் தன் பெயரைத் தவிர வேறு சொத்து இல்லை. அந்தப் பெயரை இன்னொருவன் எடுத்துக்கொண்டால், அது தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். பிறகு இன்னொரு நாள், பிறகு இன்னொரு நாள்.

நம் பகுதியில் நமக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா பி.எப். கணக்கைத் திறக்க ஒரு கடைக்குப் போனார். அவரிடம் இருந்த செல்போன் பழுது. கடைக்காரத் தம்பி நல்லவர். “பரவாயில்லை அக்கா, என் நம்பரைப் போடுகிறேன்” என்றார். பாஸ்வேர்டையும் தன் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டார். உதவி என்று நினைத்துத்தான் செய்தார். ஒரு வருஷம் கழித்து, மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டப் பணம் எடுக்க வேண்டும். கடை காலியாகிவிட்டது. அந்த நம்பரும் உயிரோடு இல்லை. நோட்டு எங்கே போயிற்றோ தெரியாது. அந்த அம்மா அலுவலகத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்குமாக மூன்று மாதம் நடந்தார். பணம் கைக்கு வருவதற்குள் பீஸ் கட்ட வட்டிக்கு வாங்கிவிட்டார்.

இங்கே திருட்டு இல்லை. நல்ல மனசு இருந்தது. நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஆகஸ்டு 11ந் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற சட்டம் ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிறருடைய விவரங்களை வாங்கி வைத்திருப்பவர்களின் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டியவை.

விவரத்தை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர் எவரோ அவரே பொறுப்பாளி என்கிறது சட்டம். கடையில் எத்தனை ஆள், முதலீடு எவ்வளவு என்று அது கேட்கவில்லை. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் அந்த அறிவிப்பைக் கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் அதில் ஒன்று. விவரத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். விவரம் வெளியே போய்விட்டால் சம்பந்தப்பட்டவருக்கும் இதற்கென்று அமைந்த வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் அபராதம் ரூ. 250 கோடி வரை போகலாம். தவறின் தன்மையைப் பார்த்தே தொகையை வாரியம் தீர்மானிக்கும். ஆகவே ஜெராக்ஸ் கடைக்கு 250 கோடி என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் நாம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறோம் என்றும் நினைக்க வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சட்டம் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் உள்ள விவரத்துக்கும், காகிதத்திலிருந்து அவற்றில் ஏற்றிய விவரத்துக்கும்தான் பொருந்தும். வெறும் காகிதத்தைத் தொடாது. அந்த வடைக் காகிதத்துக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அங்கே காவல் நாம்தான்.

சர்க்காருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

கடமையைச் சொன்னோம். இனி நியாயத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

மத்திய சர்க்கார் நினைத்தால், தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைச் சொல்லித் தன் இலாகா எதையும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளலாம். 17வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. அதே பிரிவில் ‘ஸ்டார்ட்-அப்’ கம்பெனிகளுக்குச் சில கடமைகளில் விலக்கு அளிக்கலாம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். தெருமுனையில் தனியாளாகக் கடை நடத்துகிறவன் பெயர் அதில் இல்லை.

பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கும்? அபராதப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். நஷ்டஈடு கேட்க வழி செய்த பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவை எடுத்துவிடவும் இந்தச் சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது. நோட்டீஸ் வாங்கிய கூலித் தொழிலாளிக்குக் கூலி போனது போனதுதான். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம். 250 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஸ்தாபனங்களுக்குப் பதிவேடு எழுதும் வேலையில் ஓரளவு தளர்வும் உண்டு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடு என்கிறது சட்டம். சர்க்கார் கேட்டால் கொடுப்பதற்காகக் குறைந்தது ஓராண்டு வைத்திரு என்கிறது 2025ம் வருஷத்து விதி. பிரவுசிங் சென்டர் நண்பர்களுக்கு இது பழகிய கஷ்டம். 2011ம் வருஷத்து விதிப்படி, வருகிறவரின் அடையாளச் சீட்டைப் பார்த்து நகலெடுத்து, பதிவேடு எழுதி, எல்லாவற்றையும் ஓராண்டு பத்திரப்படுத்தி, மாதந்தோறும் 5ந் தேதிக்குள் அறிக்கையும் அனுப்ப வேண்டும். பத்திரப்படுத்த ஒரு தகரப் பீரோவுக்குக் கூட சர்க்கார் உதவவில்லை. 2022 மே மாதத்தில் ஆதார் அதிகார ஸ்தாபனத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், இன்டர்நெட் கடைகளில் ஆதாரை இறக்காதீர்கள் என்று ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கினார்கள். நகல் கேட்காத இலாகா எது? இலாகாக்கள் நகல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்துக்குப் பழி மட்டும் கடைக்காரன் தலையிலா?

2018 ஜனவரியில் சண்டிகரிலிருந்து வரும் ‘டிரிப்யூன்’ பத்திரிகை, 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று செய்தி வெளியிட்டது. ஆதார் ஸ்தாபனம் போலீசில் புகார் கொடுத்தது. முதல் தகவல் அறிக்கையில் செய்தி எழுதிய நிருபரின் பெயரும் ஏறியது. ஓட்டையைக் காட்டியவர் பேரிலேயே வழக்கு!

ஆனால், நண்பர்களே, இதையெல்லாம் சொல்லி நம் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. சர்க்கார் தவறு செய்கிறது என்பதனால் அந்த அம்மாவின் நகல் வடை மடிக்கப் போகலாமா? அவர் நம்மை நம்பிக் கொடுத்தார்; சர்க்காரை நம்பிக் கொடுக்கவில்லை.

நாளைக் காலையிலிருந்து

பணச் செலவில்லாமல் நாளைக் காலையே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தேவையில்லாததை வாங்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க ஆதார் வேண்டியதில்லை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க விலாசம் வேண்டியதில்லை. நம்மிடம் இல்லாத காகிதம் நம்மிடமிருந்து தொலையாது.

இரண்டாவது, வாட்ஸப். “அண்ணா, உங்க நம்பருக்கு அனுப்பிவிட்டேன், பிரிண்ட் போடுங்க” என்று வருகிறார்கள். வந்த படம் உரையாடலில் இருக்கிறது, போன் படத்தொகுப்பில் தானாக விழுகிறது, கம்ப்யூட்டரின் டவுன்லோட் பகுதியிலும் தங்குகிறது. மூன்று இடத்திலும் அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதை நிறுத்தி வையுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் தன் வாட்ஸப்பையோ மெயிலையோ திறந்த வாடிக்கையாளர் வெளியேறினாரா என்று அவர் எழுந்து போவதற்கு முன் பாருங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்ட் நோட்டு. பி.எப்., வருமான வரி, ரயில் டிக்கெட் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறோம். அந்த நோட்டு தொலைந்தால் முந்நூறு குடும்பம் தொலைந்த மாதிரி. பாஸ்வேர்டை அவரவரே அடிக்கட்டும். கம்ப்யூட்டர் “சேமிக்கட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளரின் சொந்த நம்பரைத் தவிர வேறு நம்பரைப் போடாதீர்கள். அவரிடம் போன் இல்லையென்றால் வீட்டார் நம்பரோடு நாளை வரட்டும். ஒரு நாள் தாமதம் நஷ்டமல்ல. அந்தத் தையல்கார அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கெட்டுப்போன நகல். அன்றைக்கே பொடிப்பொடியாகக் கிழியுங்கள். எடைக்குப் போட வேண்டாம். பெரிய ஜெராக்ஸ் மிஷின்கள் பலவற்றில், எடுத்த நகல்களைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க் உண்டு. மிஷினை விற்கும்போது அதை அழித்துக் கொடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். பழைய கம்ப்யூட்டருக்கும் இதே விதி.

ஐந்தாவது, ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். நகலின் குறுக்கே “இன்ன காரியத்துக்கு மட்டும்” என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதார் இருக்கிறது. அது போதுமான இடத்தில் அதையே எடுத்துக் கொடுங்கள். போனில் வரும் ரகசிய எண்ணைக் கடைக்காரரிடமே ஆனாலும், எதற்கென்று கேட்காமல் சொல்லக்கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். பணம் களவு போனால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.

ஆறாவது, தவறு நடந்தால் மறைக்காதீர்கள். போன் தொலைந்துவிட்டதா? அதில் யார் யார் காகிதம் இருந்ததோ அவர்களுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் முன்கூட்டித் தெரிந்தால் அவர் பாங்குக் கணக்கைக் காப்பாற்றிக்கொள்வார்.

“பத்து ரூபாய் வேலைக்கு இவ்வளவு கஷ்டமா?” என்று பின்வரிசையில் ஒரு நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. கிழிக்க அரை நிமிஷம், அழிக்க ஒரு நிமிஷம். அதைவிடப் பெரிய பதில் ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளின் செயலிகள் நம் தொழிலைத் தின்றுகொண்டிருக்கின்றன. மலிவில் நாம் அவர்களோடு போட்டி போட முடியாது. ஆனால் தெரிந்த முகம், நம்பிக்கையான கை, இது அவர்களிடம் இல்லை. அந்த நம்பிக்கையையும் இழந்துவிட்டால் நம் கடைக்கு என்ன மிஞ்சும்?

கேட்க வேண்டியவை

நாம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு, கேட்க வேண்டியதைச் சேர்ந்து கேட்போம். தனித்தனியாகக் கேட்டால் யாருக்கும் காது கேட்காது.

தனியாளாகத் தொழில் நடத்துகிறவர்களுக்குப் பதிவேடு, அறிக்கை முதலியவற்றில் விலக்கு வேண்டும். பத்திரமாக வைக்கும் கடமையிலிருந்தும் அழிக்கும் கடமையிலிருந்தும் விலக்கு நாம் கேட்கவில்லை. அது நமக்கு வேண்டாம். ஓராண்டு வைத்திரு என்ற விதியை 2027 மே மாதத்துக்கு முன்பே மாற்ற வேண்டும். சட்டத்தின் சுருக்கத்தை எளிய தமிழில் அச்சிட்டுக் கடைதோறும் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டு என்று சட்டத்தில் எழுத வேண்டும். பார்த்துத் திருப்பிக் கொடுத்தாலே போதும் என்கிற இடங்களில் சர்க்கார் அலுவலகங்கள் நகல் கேட்பதை நிறுத்த வேண்டும். நகல் குறைந்தால் நமக்கு வருமானம் குறையுமே என்று சிலர் நினைக்கலாம். குறையட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் ஆபத்திலிருந்து வருகிற பத்து ரூபாய் நமக்கு வேண்டாம்.

நண்பர்களே! கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்த கதை நமக்கெல்லாம் தெரியும். அடைக்கலப் பொருள் நம்முடையது அல்ல. நம்மிடம் இருக்கும் வரைக்கும் நம் பொறுப்பு. கடைக்கு வரும் ஒவ்வொரு காகிதமும் அப்படிப்பட்டதே. நாளைக் காலை கடையைத் திறந்ததும், முதல் வாடிக்கையாளர் வருவதற்குள், கம்ப்யூட்டரில் போன வருஷத்திலிருந்து கிடக்கும் நகல்களைத் திறந்து பாருங்கள். வேலை முடிந்தவற்றை அழியுங்கள். குப்பைக் கூடையைக் கிழித்துக் காலி செய்யுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எத்தனை அழித்தோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்வோம்.